துணியில் வாழும் நினைவு

நுழையும்முன்

குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்த போர்வை, காலப்போக்கில் கலைக்கூடத்தின் சுவரை அடைந்தது. எனினும் கல்லையும் உலோகத்தையும் போலத் துணி நெடுநாள் நிலைப்பதில்லை. ஒளியும் ஈரமும் பூச்சியும் அதனை அழிக்க வல்லன. அமெரிக்கக் ‘குயில்ட்’ கலையைச் சேகரிப்போரும் பேணுவோரும் எவற்றைக் காக்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கட்டிலிலிருந்து சுவருக்கு

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஒன்றாக இணைத்துத் தைப்பதே குயில்ட் ஆகும். பல வண்ணத் துணித்துண்டுகளை இணைத்து மேல்துணியை அமைப்பது பெருவழக்கு. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இத்தகைய போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் காட்சிப்படுத்தியது. 1979இல் ஒகையோ மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் ‘குயில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியது. போர்வையாக அன்றிக் கலைப்படைப்பாகவே உருவாக்கப்பட்ட குயில்ட்டுகளுக்கு அது களம் அமைத்தது.

ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட், ஆடை வடிவமைப்பாளரான தம் தாயார் வில்லி போசியுடன் இணைந்து 1980இல் தம் முதல் குயில்ட்டை உருவாக்கினார். அவருடைய ‘டார் பீச்’ (1988) என்னும் படைப்பில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழும் கறுப்பினச் சிறுமி ஒருத்தி வானில் பறக்கிறாள். ஓவியமும் எழுத்தில் அமைந்த கதையும் துணிக்கரையும் அதில் ஒன்றிணைகின்றன.

துணி தாங்கும் நினைவு

அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் மிசௌரி பெட்வே. கணவர் மறைந்தபின், 1942இல், அவருடைய வேலையுடைகளைக் கொண்டே ஒரு குயில்ட் தைத்தார். கணவரின் நினைவைப் போர்த்திக்கொள்ள அவர் தைத்த அத்துணி, இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. இத்தகைய படைப்பில் வெளுத்த நிறமும் தேய்ந்த இழையும் குறைகள் அல்ல. உழைத்த உடலின் சுவடுகள். அவற்றை நீக்கிப் புதிதாக்க முயல்வது அதன் வரலாற்றையே அழிப்பதாகும்.

சேகரிப்போர் கடமை

பழைய குயில்ட்டுகள் பலவற்றில் தைத்தவரின் பெயர் இல்லை. பெயரை இழந்த படைப்பு தன் வரலாற்றையும் இழக்கிறது. எனவே கலைஞரின் பெயர், உருவாக்கிய ஆண்டு, இடம், பயன்படுத்திய பொருள்கள் ஆகியவற்றைப் பருத்தித் துணியில் எழுதிப் பின்புறத்தில் தைத்து வைத்தல் வேண்டும். இக்காலப் படைப்புகளில் வண்ணப்பூச்சு, பசை, மணி, உலோக இழை முதலியனவும் இடம்பெறுகின்றன. அவற்றின் தன்மையைக் கலைஞரிடமே கேட்டுப் பதிவு செய்தால் பின்னாளில் பழுதுபார்ப்பது எளிதாகும்.

பேணும் முறை

ஒளியால் வெளுத்த நிறம் மீண்டும் வாராது. ஆதலால் நேரடி வெயில் படாத சுவரில், ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுள்ள மங்கலான ஒளியில், சில மாதங்கள் மட்டுமே தொங்கவிட்டுப் பின் ஓய்வு தருவர். ஆணியில் மாட்டினால் எடை முழுவதும் ஓரிடத்தில் தங்கித் துணி கிழியும். பின்புற மேல்விளிம்பில் தைத்த நீண்ட துணிக்குழாயில் கோல் செருகினால் எடை சீராகப் பரவும்.

மடித்தே வைத்திருந்தால் மடிப்பின் வழியே இழைகள் முறியும். எனவே அமிலமற்ற தாளால் போர்த்திய குழாயில் சுருட்டி, வெளுக்காத பருத்தித் துணியால் மூடுவர். நெகிழிப் பை ஈரத்தைத் தேக்கிப் பூஞ்சணத்திற்கு இடமளிக்கும். மரப்பலகையின் அமிலமும் துணியைப் பழுப்பாக்கும். நீரில் துவைத்தால் சாயமும் வண்ணமும் கலங்கக்கூடும். மெல்லிய வலையைத் துணிமேல் பரப்பி, குறைந்த விசையில் தூசியை உறிஞ்சி எடுப்பதே தகுந்த முறை.

ஒரு பெண் தன் கைப்படத் தைத்த துணி, அவர் மறைந்த பின்னும் அவர் பெயருடன் நிலைத்திருக்கச் செய்வதே பேணுதலின் பயன்.

தெரியுமா?

ஆர்டிஸ் ஜேம்ஸ், இராபர்ட் ஜேம்ஸ் இணையர் தாம் சேகரித்த ஏறத்தாழ 950 குயில்ட்டுகளை 1997இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர். லிங்கன் நகரிலுள்ள பன்னாட்டுக் குயில்ட் அருங்காட்சியகம் அக்கொடையிலிருந்தே தோன்றியது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் போற்றி வைத்துள்ள பழந்துணி ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு, அதற்கான விவரச்சீட்டு எழுதுக.

2. ‘பழுதை நீக்குவது, சுவட்டை அழிப்பது – இரண்டும் ஒன்றல்ல’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.