பச்சை பிடித்த உருளைக்கிழங்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உருளை, தக்காளி, கத்தரி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். பூச்சிகளிடமிருந்து தப்பிக்க இவை தமக்குள் கசப்பு நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. கத்தரிக்காயைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். அதில் இருப்பது கொஞ்சம்தான். சமையலறையில் கண் வைக்க வேண்டியது உருளை மேல். அதன் நஞ்சுக்கு சோலனைன், சாக்கோனைன் என்று பெயர்.

செய்ய வேண்டியவை

• உருளையை வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் சாக்கிலோ காகிதப் பையிலோ வையுங்கள். ஜன்னலோரக் கூடை வேண்டாம்.

• தோலில் லேசாகப் பச்சை தெரிந்தால், அது போகும்வரை ஆழமாகச் சீவுங்கள். பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், அது நஞ்சல்ல. ஆனால் பச்சையத்தை உண்டாக்கும் வெளிச்சமே சோலனைனையும் கூட்டிவிடும். நஞ்சில் பெரும்பகுதி தோலிலும் அதையொட்டிய சதையிலும் இருப்பதால் சீவுவது பலன் தரும்.

• முளையைக் கண்ணோடு சேர்த்துக் குடைந்தெடுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் மட்டுமே இந்தச் சிரமம்.

• வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• "வேகவைத்தால் எல்லாம் போய்விடும்" என்று நம்பாதீர்கள். சோலனைன் சிதைய 200 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. லண்டனில் ஒரு பள்ளியில் விடுமுறைக்கு முன் வாங்கி மிஞ்சிய உருளையைச் சமைத்துப் போட்டதில் 78 மாணவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அவர்களில் 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. எல்லோரும் பிழைத்தது நல்ல காலம்.

• முழுக்கப் பச்சையேறியது, சுருங்கித் தொய்ந்தது, நீளமாக முளைவிட்டது எதையும் சமைக்காதீர்கள். கிலோ என்ன விலை விற்றாலும் சரி.

• அந்தத் தோலையும் முளையையும் மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடாதீர்கள்.

• ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உருளை பயிரிடுகிறவர்கள், செடியில் குட்டித் தக்காளி போலக் காய்க்கும் காய்களைப் பிள்ளைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை நஞ்சு.

• மணத்தக்காளியின் பச்சைக் காயை அப்படியே பறித்து மெல்ல வேண்டாம். சமைக்காமல் தின்ன ஆசையென்றால் கறுத்துப் பழுத்ததே போதும்.

பச்சை பிடித்த உருளை சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, தலைவலி வந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.