பழைய வண்டிக்குப் புதிய ஒளி

இரவில் ஓடும் வண்டியின் முகப்பு விளக்குக்கு இரு கடமைகள் உண்டு. ஓட்டுபவனுக்கு வழியைக் காட்டுவது ஒன்று. எதிரே வருபவன் கண்ணைக் கூசச் செய்யாமை மற்றொன்று. முதற் கடமையை மட்டும் எண்ணி விளக்கை மாற்றுவோர் பலர். இரண்டையும் சேர்த்து எண்ணுவதற்குச் சிறிது பௌதிக அறிவு வேண்டும். அது நாம் பள்ளியிலேயே கற்ற பௌதிகந்தான் என்பதைக் காட்டவே இதனை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் வண்டி நம் பம்பாய்க்குச் சொந்தமானது. வால்சந்த் ஹிராசந்த் 1944ஆம் ஆண்டில் தோற்றுவித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் குர்லாவில் கார்களை உருவாக்கி வந்தது. இத்தாலிய பியட் 1100 என்னும் வண்டியே அங்குப் பிற்காலத்தில் ‘பத்மினி’ என்ற பெயரைப் பெற்றது. கறுப்பும் மஞ்சளும் பூண்டு இந்நகரத் தெருக்களில் ஓடிய அந்த டாக்சிகளுள் கடைசி வண்டி, 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து, 2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஓய்வு பெற்றது. ஆயினும் சொந்த வண்டியாக அதனைப் போற்றி வைத்திருப்போர் இன்னும் உளர்.

விக்ரோலியில் எங்கள் குடியிருப்பில் வாழும் நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர் அத்தகையவர். அவர் இரவில் லால் பகதூர் சாஸ்திரி சாலை வழியே வீடு திரும்புபவர். மழைக்காலத்தில் அச்சாலையில் கறுப்புக் குடையுடன் குறுக்கே வருவோரைக் கண்டறிவது எளிதன்று. “தம்பி, விளக்கு போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான். கடையில வெள்ளை வெளேர்னு எல்.ஈ.டி. பல்பு இருக்காம், வாங்கிப் போட்டுரலாமா?” என்று கேட்டார். “பொறுங்க அண்ணாச்சி, முதல்ல அளந்து பார்ப்போம்” என்றேன்.

என்ஜினை ஓடவிட்டு, விளக்கை ஏற்றி, வோல்ட்மீட்டரை வைத்தோம். மின்கலத்தின் முனைகளில் 13.2 வோல்ட் இருந்தது. விளக்கின் முனைகளிலோ 10.9 வோல்ட்டே இருந்தது. இடையில் 2.3 வோல்ட் எங்கே போயிற்று?

ஓம் விதியை நினைவு கூர்வோம். பழைய வண்டிகளில் மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் முழுவதும் ஓட்டுநர் முன்னுள்ள சுவிட்சுக்குள் புகுந்து, மெல்லிய நெடுங்கம்பி வழியே விளக்குக்குச் செல்கிறது. ஆண்டுகள் பலவாகத் தேய்ந்த சுவிட்சு, பாசி பிடித்த இணைப்புகள், துருவேறிய ‘எர்த்து’ முனை ஆகிய ஒவ்வொன்றும் சிறு தடையாகும். பத்து ஆம்பியர் ஓடும்போது 0.2 ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். கடற்காற்றும் மழையும் உள்ள நம் ஊரில் எர்த்து முனை துருப்பிடிப்பது வெகு விரைவு.

இரண்டு வோல்ட்டு குறைந்தால் என்ன என்று சிலர் எண்ணலாம். இழை விளக்கின் ஒளி, வோல்ட்டின் அளவிற்கு நேராகக் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4ஆம் படியாகக் குறைகிறது. வோல்ட்டு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் மூன்று பங்கு போய்விடும். அண்ணாச்சி வண்டியின் கணக்கைப் போட்டால், கிடைக்க வேண்டிய ஒளியில் ஏறக்குறையப் பாதியே கிடைத்து வந்தது. நல்ல பல்பு இருந்தும் இருள் இருந்ததன் காரணம் இதுவே.

இதற்கு மருந்து ‘ரிலே’. இது ஒரு மின்காந்தச் சுவிட்சு. ஓட்டுநரின் பழைய சுவிட்சு, அரை ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தால் ரிலேயின் கம்பிச் சுருளை மட்டும் இயக்கும். விளக்குக்கு வேண்டிய பெரிய மின்னோட்டம், மின்கலத்திலிருந்து பியூஸ் வழியாகவும், ரிலே வழியாகவும், பருத்த குறுங்கம்பியில் நேரே செல்லும். ‘பிரைட்டு’க்கு ஒன்று, ‘டிம்’முக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். பியூஸ் மின்கலத்தின் அருகிலேயே இருத்தல் வேண்டும். இல்லையேல் இடையில் கம்பி உராய்ந்தால் தீப்பற்றும். 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கம்பியில் ஒரு மீட்டருக்குத் தடை 0.007 ஓம்தான். எர்த்து முனைகளைச் சுரண்டித் துலக்கி இவ்வாறு இணைத்தபின், அதே பல்பின் முனையில் 12.8 வோல்ட் நின்றது. புதிய பல்பு எதுவும் வாங்கு முன்னரே சாலை தெரிந்தது!

அடுத்துப் பல்பு. பழைய சாதாரண பல்பு 45/40 வாட் உடையது. அதில் டங்ஸ்டன் இழை சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் கருமையாகப் படியும். ஹாலஜன் பல்பில் அயோடின் அல்லது புரோமின் சேர்ந்திருப்பதால், ஆவியான டங்ஸ்டன் அதனோடு கூடி மீண்டும் இழைக்கே திரும்புகிறது. ஆகவே இழையை மேலும் சூடேற்றலாம், ஒளி மிகும், கண்ணாடி கறுப்பதில்லை. எச்-4 வகை பல்பு 60/55 வாட் உடையது. ஆனால் இரு விளக்குகளுக்கும் 100 வாட் பல்பு போட்டால், ஏறக்குறைய 17 ஆம்பியர் ஓடும். பழைய கம்பியின் உறை உருகும், டைனமோவும் ஈடுகொடாது. அத்தகைய பேராசை வேண்டா. பளபளப்பு மங்கிய ரிப்ளெக்டர்க் கிண்ணத்தில் எந்தப் பல்பைப் போட்டும் பயனில்லை. கிண்ணத்தின் விட்டத்தை அளந்து, அதே அளவில் புதியது வாங்குக. பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறிக் கண்ணாடி கெடும்.

எல்.ஈ.டி. பல்பு ஏன் வேண்டாம் என்றேன்? பரவளையக் கிண்ணத்தில் ஒளி எங்குப் பிறக்கிறது என்பதே எல்லாம். குவியத்தில் பிறந்த ஒளி இணைகற்றையாகச் செல்லும். இடம் சிறிது மாறினாலும் சிதறும். எச்-4இன் ‘டிம்’ இழை குவியத்துக்குச் சற்று முன்னே உள்ளது. அதன் அடியில் சிறு தகடு ஒன்று மறைக்கிறது. ஆதலின் கிண்ணத்தின் மேற்பாதி மட்டும் ஒளி பெற்று, அதனைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. இழைக்கென்று செய்த கிண்ணத்தில் எல்.ஈ.டி. சில்லுகள் அதே இடத்தில் அமையாவிடில், ஒளி மேலே கசிந்து எதிரே வருபவனைக் குருடாக்கும். மேலும், தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

இங்கு ஒரு பழைய வழக்கத்தையும் ஆராய வேண்டும். கண் கூசாதிருக்க விளக்குக் கண்ணாடியின் மேற்பாதியில் கறுப்புச் சாயம் பூசுவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். ‘டிம்’ ஒளி கிண்ணத்தின் மேற்பாதியிலிருந்தே வருகிறது என்று கண்டோமல்லவா? சாயம் பூசினால் தரையை நோக்கிச் செல்லும் நல்ல ஒளியே பெரும்பாலும் தடைப்படும். அண்ணாச்சியின் விளக்கிலும் அச்சாயம் இருந்தது. சுரண்டி எடுத்தோம்.

கூச்சத்தைத் தடுக்க உண்மையான வழி, விளக்கின் நோக்கைச் சீர்செய்வதே. சமதரையில், டயர்க் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை அமர்த்தி, சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்துக. விளக்கின் நடுவுயரத்தைச் சுவரில் கோடிடுக. ‘டிம்’ ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளி 65 மீட்டரில் தரையைத் தொடும். நாம் இடப்பக்கம் செல்பவர்கள். ஆதலின் ஒளியின் விளிம்பு இடப்பக்கமே சற்று உயர வேண்டும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கென்று செய்த விளக்கை அழகுக்காக வரவழைத்துப் பொருத்தினால், அது எதிரே வருபவன் முகத்துக்கே உயரும்.

எல்லாம் முடித்தபின் அண்ணாச்சிக்கு ஆன செலவு, இரண்டு ரிலே, பியூஸ்கள், சில மீட்டர்க் கம்பி, ஒரு சோடி கிண்ணம், பல்பு ஆகியவற்றின் விலையே. அன்றிரவு கிழக்கு விரைவு நெடுஞ்சாலையின் சேவைச் சாலையில் வண்டியை ஓட்டினோம். ஓரமாக நடந்து சென்ற இருவர், முன்னைவிட வெகுதொலைவிலேயே கண்ணுக்குப் பட்டனர். எதிரே வந்த ஆட்டோக்காரர் எவரும் விளக்கை மினுக்கி எங்களைக் கண்டிக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டையிலோ பழைய வண்டி இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வோல்ட்மீட்டருடன் செல்லுங்கள். கடைக்குப் போகு முன் அளந்து பாருங்கள். பல்பை மாற்று முன் கம்பியைப் பாருங்கள். வேலை முடிந்ததும் சுவர் முன் வண்டியை நிறுத்திப் பார்க்க மறவாதீர்கள்.