சிறுத்தை நடமாட்டமா? முதலில் பட்டியைப் பார், அம்மிணி!

ஊர் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம கரட்டுப் பக்கம் சிறுத்தை நடமாட்டமாம், யாரும் வெளிய வராதீங்க" என்று ஓர் ஆடியோ வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் இல்லை. விடிவதற்குள் பத்துப் படம் வந்து சேரும். அதில் பாதி எந்த ஊரில் எடுத்தது என்று அனுப்பியவருக்கே தெரியாது. இப்போது கம்ப்யூட்டரே உருவாக்கிய படங்களும் கலந்துவிடுகின்றன. அதனால் அம்மிணி, உனக்கு ஒரு செய்தி வந்தால் அடுத்தவருக்குத் தட்டிவிடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேள். கண்ணால் பார்த்தது யார்? எந்தத் தோட்டம்? எத்தனை மணிக்கு? பார்த்தவர் பெயரே இல்லாமல் "ஒருத்தர் சொன்னாங்க" என்று வருவதை அங்கேயே நிறுத்திவிடு. பார்த்தவர் கிடைத்துவிட்டால் அவரையே வனத்துறையிடம் பேச வை.

அதற்காக எல்லாமே புரளி என்று தள்ளிவிடவும் கூடாது. 2022 ஜனவரியில் அவிநாசி பாப்பாங்குளத்தில் சோளக்காட்டுக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை, தட்டு அறுக்கப் போனவர்களைத் தாக்கியது. சில நாள் கழித்துத் திருப்பூர் நகரத்துக்குள்ளேயே மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். 2023-ல் நம் காங்கேயத்தை அடுத்த ஊதியூர் மலையைச் சுற்றி ஆடும் கன்றும் காணாமல் போய், வனத்துறை கூண்டும் கேமராவும் வைத்தது. 2024 ஏப்ரலில் காடே இல்லாத மயிலாடுதுறையில் சிறுத்தை கண்காணிப்புக் கேமராவில் பதிவானது, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் மட்டும் 1,070 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இரைக்கும் இடத்துக்கும் அலையும் மிருகம் அது. ஒரு ராத்திரியில் பல மைல் நடந்துவிடும்.

காலையில் எழுந்ததும் ஈர மண்ணைப் பார். வாய்க்கால் ஓரம், சொட்டுநீர்க் குழாய் கசியும் இடம், மாட்டுத் தொட்டியைச் சுற்றியுள்ள சேறு, இங்கெல்லாம் தடம் அச்சாக விழும். நாயின் கால்தடத்தில் விரலுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி தெரியும். தடம் அகலத்தைவிட நீளமாக இருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நகக்குறி இருக்காது. தடம் வட்டமாக, நான்கு விரல், பின்னால் ஒரு பெரிய மெத்தை. அந்த மெத்தையின் பின்விளிம்பை உற்றுப் பார்த்தால் மூன்று மேடாகப் பிரிந்திருக்கும். வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏறக்குறைய 7 முதல் 9 சென்டிமீட்டர் அகலம். காட்டுப்பூனைக்கும் நகக்குறி இருக்காது, ஆனால் தடம் அதில் பாதிதான். கழுதைப்புலியின் தடத்தில் நகம் தெரியும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, நேர் மேலே இருந்து போட்டோ எடு. பிறகு ஒரு பாண்டுச்சட்டியைக் கவிழ்த்து மூடி வை. வனக்காப்பாளர் வருவதற்குள் கோழி கிளறிவிடும், பார்க்க வருகிற ஜனங்கள் மிதித்துவிடுவார்கள்.

ஆடு செத்துக் கிடந்தாலும் உடனே சிறுத்தை என்று முடிவு கட்டாதே. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கமெல்லாம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து கொன்ற ஆடுகளுக்குக் கணக்கில்லை. நாய் கடித்தால் பின்தொடை, வயிறு, வால் பக்கம் என்று கண்ட இடத்தில் கிழிந்திருக்கும். பல ஆடுகள் கடிபட்டுப் பாதி உயிரோடு கிடக்கும். சிறுத்தை பெரும்பாலும் கழுத்தைத்தான் பிடிக்கும். தொண்டையில் கோரைப்பல் இறங்கிய ஓட்டை இருக்கும், கொன்றதை இழுத்துக்கொண்டும் போகும். இழுத்த தடத்தைப் பின்பற்றி நீ மட்டும் புதருக்குள் போகாதே. இரை பக்கத்தில்தான் அதுவும் படுத்திருக்கும்.

சிறுத்தை எதைத் தேடி ஊருக்குள் வருகிறது என்று தெரிந்தால்தான் நாம் எதைச் செய்ய வேண்டும் என்பது புரியும். மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற ஊர்ப்பக்கம் முழுக்கக் கரும்பும் காய்கறியும்தான். ஒரு சதுர கிலோமீட்டரில் 300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்தபோது, 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 பெரிய சிறுத்தைகள் இருந்தன. எச்சத்தைச் சோதித்தால், தின்றதில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். அதிலும் நாய் மட்டுமே 39 சதவீதம், ஆடு 11 சதவீதம். இந்தக் கணக்கைப் படித்ததிலிருந்து நான் ஊர்க் குப்பையைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கறிக்கடைக்காரர் ரோட்டோரம் கொட்டும் கோழிக்கழிவு நாயைக் கூட்டுகிறது, அந்த நாய்க்கூட்டம் சிறுத்தையைக் கூட்டுகிறது. உன் ஊராட்சியில் கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். கோழிக்கழிவை ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்கச் சொல், தெருநாய்க்குக் கருத்தடை செய்யச் சொல். கிராமசபையில் எழுந்து நின்று கேள். கூண்டு வை என்று கேட்கும் குரல் நிறைய இருக்கும், இதைக் கேட்க ஆள் வேண்டும்.

இனி பட்டிக்கு வருகிறேன். இங்கேதான் உன் காசும் நேரமும் போக வேண்டும்.

மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிய கிளுவை வேலி ஆடு வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். சிறுத்தைக்கு அது தடையே இல்லை. ஆறடி உயரத்துக்குக் கம்பி கட்டி, மேலே திறந்து விட்ட பட்டியும் அப்படித்தான். சிறுத்தை மரமேறும், சுவர் தாண்டும். ஆகவே ராத்திரி அடைக்கும் இடத்துக்குக் கூரை கட்டாயம். தகரமோ கம்பிவலையோ, மேலே மூடியிருக்க வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விடும் இடைவெளியையும் வலை போட்டு அடை. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் மெல்லிய வலை போதாது, கையால் இழுத்தால் வளையாத கனமான வலை வேண்டும். கீழே மண்ணுக்கும் வலைக்கும் இடையில் கை நுழையும் சந்து இருந்தால் கல்லும் சிமென்டும் போட்டுப் பூசு. பரண் வைத்துக் கட்டிய கொட்டகை என்றால் பலகைக்கு அடிப்பக்கத்தையும் மறைத்துவிடு. கூரைமேல் சாயும் வேப்பங்கிளையை வெட்டு.

கதவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரெல்லாம் கல்லில் கட்டிவிட்டு, கதவை மட்டும் நாலு குச்சியில் படலாகப் பின்னிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். உள்ளே ஆடு மிரண்டு முட்டினாலே அது திறந்துகொள்ளும். இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த கதவாகப் போடு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கொண்டி வை. அடைத்த பிறகு தோளால் ஒருமுறை இடித்துப் பார். அடைபட்ட இடத்துக்குள் சிறுத்தை புகுந்துவிட்டால் ஒரு ஆட்டோடு போகாது. பத்தும் இருபதும் மிரண்டு ஓட ஓட அடித்துப் போட்டுவிடும். கதவுக்குச் செலவழிக்கிற காசு இரண்டு கிடா விலைகூட வராது.

நடமாட்டம் உறுதியான சில வாரங்களுக்கு வயலில் எருவுக்காகப் பட்டி போடுவதை நிறுத்திவிடு. குட்டிகளையும் கன்றுகளையும் கட்டுத்தரையில் கட்டாமல் உள்ளே அடை. காவல்நாயைச் சங்கிலியில் வெளியே கட்டி வைத்தால் ஓடவும் முடியாமல் அது இரையாகிவிடும், பாவம். அதையும் உள்ளே விட்டுக்கொள். ஆள் அசைந்தால் எரியும் சோலார் விளக்கு நல்லதுதான். ஆனால் விளக்கை மட்டும் நம்பாதே. கொஞ்ச நாளில் சிறுத்தை வெளிச்சத்துக்குப் பழகிவிடும். பட்டியைச் சுற்றி இருபது முப்பது அடிக்குப் புதர் இல்லாமல் வெட்டி வைத்தால் பதுங்க இடம் இருக்காது.

மனுஷருக்கு வருவோம். சிறுத்தை சாதாரணமாக ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற மிருகம். உட்கார்ந்திருப்பவர், குனிந்திருப்பவர், குழந்தை என்று உருவம் சிறிதாகத் தெரிந்தால்தான் ஆபத்து. அதனால் பொழுது சாய்ந்த பிறகு குழந்தைகள் வாசலில் தனியாக விளையாட வேண்டாம். வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் குழந்தைகளை இழந்த வீடுகள் இருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனசு அடித்துக்கொள்கிறது. இருட்டிய பிறகு பிள்ளை கழிப்பறைக்குப் போனால் பெரியவர் ஒருவர் கூடப் போங்கள். வெயில் காலத்தில் வெளித்திண்ணையில் கட்டில் போட்டுப் படுக்கும் அப்பாருவையும் ஆத்தாவையும் கெஞ்சியாவது உள்ளே படுக்க வை.

ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்தால் தண்ணீர் கட்டப் போகத்தான் வேண்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டு பேராகப் போங்கள். டார்ச்சும் நீளமான தடியும் இருக்கட்டும், செல்போனில் சத்தமாகப் பாட்டு ஓடட்டும். நீ வருவது தெரிந்தால் அது விலகிவிடும். தட்டு அறுக்க இறங்கும் முன் காட்டின் ஒரு மூலையில் நின்று தகரத்தைத் தட்டு, மறுபக்கம் அது வெளியேற வழி விடு. அடர்ந்த தோட்டத்திலிருந்து ரம்பம் போட்டு மரம் அறுப்பது போல விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்டால், அதுதான் சிறுத்தையின் குரல். வந்த வழியே திரும்பிவிடு.

நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடாதே, குனியாதே, முதுகைக் காட்டாதே. நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் தூக்கு, பெரிய குரலில் பேசிக்கொண்டே பின்னால் நகர். குழந்தை கூட இருந்தால் சிறுத்தைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் தூக்கிக்கொள். அது போக ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஊரே திரண்டு சுற்றி வளைப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். வழி அடைபட்ட சிறுத்தை யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. கிணற்றுக்குள் விழுந்திருந்தாலும் கூட்டம் கூட விடாதே. மகாராஷ்டிரத்தில் கயிற்றுக் கட்டிலைக் கிணற்றுக்குள் இறக்கி, அதில் ஏறவைத்து மேலே தூக்கியிருக்கிறார்கள். அது பழகியவர்கள் செய்யும் வேலை. கரும்பு வெட்டும்போது குட்டிகள் கிடைத்தால் தொடாதே, செல்ஃபி எடுக்காதே. தாய் பக்கத்தில் இருக்கும். அன்றைக்கு வெட்டை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பக்கத்தில் குட்டிகளைக் கிடைத்த இடத்திலேயே பெட்டியில் வைத்து, இரவில் தாய் வந்து கவ்விக்கொண்டு போக விடுகிறார்கள்.

பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் தீர்ந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். அதே ஜுன்னரில் 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 பேரைச் சிறுத்தைகள் தாக்கின. அதன்பின் பிடித்துப் பிடித்து வேறு இடத்தில் விட ஆரம்பித்தார்கள். 2001-க்கும் 2003-க்கும் இடையில் அந்தச் சராசரி 17 ஆக ஏறிவிட்டது. ஆளைத் தாக்கிப் பழகிய விலங்கைப் பிடித்தே ஆகவேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓரமாக நடந்து போவதையெல்லாம் பிடிக்கச் சொல்வது நமக்கே வம்பு. அவுட்டுக்காய் என்னும் வெடி, திருட்டு மின்வேலி, செத்த ஆட்டில் விஷம், இவை பக்கமே போகாதே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது, ஜெயில்தான். மின்வேலியில் சாகிறது அடுத்த தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கீறலோ கடியோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதே. வெறிநோய்த் தடுப்பூசியும், காயத்தைச் சுற்றிப் போடும் நோயெதிர்ப்பு ஊசியும் வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரியில் நீயே கேட்டு வாங்கு.

ஆடு போய்விட்டால் ஆத்திரத்தில் புதைத்துவிடாதே. உடலை அசைக்காமல் நாலு பக்கமும் படம் எடு, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல், கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்கு. இழப்பீட்டு மனுவோடு அந்தச் சான்றும் படமும் போக வேண்டும். மனுவைக் கொடுத்ததும் நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து கிளம்பு.