வாவ்ட்லாவிலிருந்து தொடங்கு

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செமினாருக்கு சைலோசைபினை எடுத்துக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ‘மனச்சோர்வுக்கு ஒரு புதிய மருந்து’ என்று தலைப்பு வைத்திருக்கிறாயே, அதில் ‘புதிய’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு கண்ணு.

மெக்ஸிகோவின் வஹாக்கா மாநிலத்தில், மலைமேல், வாவ்ட்லா என்று ஓர் ஊர். மசாட்டெக் மக்களின் ஊர். மழைக்காலத்தில் அங்கே முளைக்கும், சைலோசைபின் உள்ள சின்னக் காளான்களை அவர்கள் ‘புனிதக் குழந்தைகள்’ என்கிறார்கள். வீட்டில் ஒருவர் நோயில் படுத்து, காரணம் பிடிபடாமல் போனால், ‘வெலாடா’ என்ற இரவுச் சடங்கு நடக்கும். காளான்களை ஜோடி ஜோடியாக எண்ணி, நம் சாம்பிராணி போன்ற கோப்பால் பிசின் புகையில் காட்டி, தின்னத் தருவார்கள். பிறகு மெழுகுவர்த்தியை அணைத்துவிடுவார்கள். வைத்தியம் செய்யும் பெண்ணும் காளானைத் தின்பாள்; நோயாளியைவிட அதிகமாகவே தின்பாள். இருட்டில் உட்கார்ந்து விடியும்வரை பாடுவாள். நோயாளியின் குடும்பம் கூடவே இருக்கும். இந்தக் காட்சியை மனதில் நிறுத்திக்கொண்டு மேலே படி.

1955 ஜூன் 29 இரவு, மரியா சபீனா என்ற வைத்தியப் பெண்ணின் சடங்கில் நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன் கலந்துகொண்டார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. ஊர் அதிகாரி கேட்டதால் மறுக்க முடியவில்லை என்று மரியா சபீனா பிற்காலத்தில் சொன்னார். 1957இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வாசன் கட்டுரை எழுதினார். அந்த அம்மாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள். மலைக்குக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டு இளைஞர்கள் ஏறினார்கள். பின்னாலேயே போலீஸும் ராணுவமும் வந்தன. மரியா சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. 1985இல் வறுமையிலேயே இறந்தார்.

உன் வகுப்புப் பையன்கள் காளான் தேடிக் கொடைக்கானல் போவதாக எழுதியிருந்தாய். நீ போகாதே. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். எந்தக் காளானில் விஷம் இருக்கிறது என்று அங்கே யாருக்குத் தெரியும்? பாடுவதற்கும் காவல் இருப்பதற்கும் ஆளில்லாமல் தின்பதை வாவ்ட்லாவில் வைத்தியம் என்று சொல்லமாட்டார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1958இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் மாத்திரையோடு வாவ்ட்லாவுக்கே போனார். மாத்திரையிலும் அதே சக்தி இருக்கிறது என்று மரியா சபீனா ஒப்புக்கொண்டார். ஆகவே வேதிப்பொருளை நான் குறைத்துப் பேசவில்லை. அதைக் காத்துவைத்த மக்கள் கணக்கிலேயே இல்லாமல் போனார்களே, அதுதான் என் ஆதங்கம்.

கணக்கில் வராமல் போகிற இன்னொரு கூட்டம், அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பயந்த குழந்தைக்குப் பாட்டி முட்டையால் உடம்பெல்லாம் தடவி, அருவதாத் தழையால் வருடி ‘லிம்பியா’ செய்வது அவர்களுடைய பல வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால் மனநிலையை மாற்றும் காளான், கள்ளி என்றால் தயக்கம். 1620இலேயே பெயோட்டே கள்ளிக்குத் திருச்சபையின் விசாரணை மன்றம் தடை போட்டது. அது பிசாசின் வேலை என்ற எண்ணம் அன்றிலிருந்து ஊறிப்போயிருக்கிறது. அதற்குமேல் போதைப்பொருள் சட்டம். ஆரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி சைலோசைபின் சிகிச்சையை அனுமதித்தது. மத்திய சட்டம் மாறவில்லை. குடியுரிமை இல்லாதவர் மாட்டினால் நாடு கடத்தப்படலாம். கட்டணமும் கூலிவேலை செய்பவரால் கட்ட முடிகிற தொகை இல்லை.

அவர்களுக்குள்ளும் ஒரே குரல் கிடையாது. பாட்டியிடமிருந்து பறித்ததைத் திரும்பப் பெறுகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். மசாட்டெக் அல்லாத நாம் எந்த உரிமையில் கேட்பது என்று சிலர் தயங்குகிறார்கள். பெயோட்டே விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அந்தக் கள்ளி வளர்ந்து முதிர பத்து வருடமாவது ஆகும். டெக்சஸின் தெற்கிலும் மெக்ஸிகோவின் வடக்கிலும் மட்டுமே முளைக்கிறது. ஆள் ஆளுக்கு வெட்டினால் என்ன மிஞ்சும்? இதில் நான் தயங்குகிறவர்கள் பக்கம்.

கடைசியாக உன் செமினாருக்கு வேண்டிய கணக்கு. 1993 முதல் 2017 வரை வெளிவந்த 18 சைக்கெடெலிக் (சைலோசைபின் போன்ற, மனநிலையை மாற்றும் பொருள்) சிகிச்சை ஆய்வுகளை 2018இல் ஒரு குழு அலசியது. பங்கேற்றவர்கள் மொத்தம் 282 பேர். 82.3 சதவீதம் வெள்ளையர்கள். லத்தீனோக்கள் 2.1 சதவீதம், அதாவது ஆறு பேர். உன் முதல் ஸ்லைடில் அந்த ஆறு பேரைப் போடு. வாவ்ட்லாவின் பெயரையும் பக்கத்திலேயே எழுது.

அன்புடன்,
உன் அத்தை