ஒளி போயும் ஓயாத கடிகாரம்

சுவிட்சர்லாந்தின் பிளாங்பெய்ன் நிறுவனம் 1953-இல் கடலில் மூழ்குவோருக்காக ஒரு கைக்கடிகாரத்தை வெளியிட்டது. பெயர் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்'. அதாவது 50 பாகம், சுமார் 91 மீட்டர் ஆழம். அன்று அது வெறும் கருவி. இன்றோ பழம்பொருள் சேகரிப்போர் அதற்குப் பெரும் விலை தருகிறார்கள். முகப்பிலுள்ள குறிகள் பழுப்பேறித் தேன் நிறமாகியிருந்தால் அவர்களுக்கு இன்னும் ஆசை!

அந்தக் குறிகளைச் சற்றுக் கவனிப்போம். தொடக்க காலக் கடிகாரங்களில் ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்த பூச்சு இருந்தது. ரேடியம் உமிழும் ஆல்ஃபா துகள்கள் மோதும்போது சல்பைடு படிகங்கள் ஒளிரும். கடலடி இருட்டிலும் மணி பார்க்கலாம். ஆனால் அதே துகள்கள் படிகங்களைச் சிறிது சிறிதாகச் சிதைத்தும் விடுகின்றன. எனவே சில பத்தாண்டுகளில் ஒளி மங்கிப் போயிற்று.

ஒளி போனதால் ரேடியமும் தீர்ந்திருக்கும் என்று எண்ணுகிறீர்களா? இல்லை. ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம் சுமார் 1,600 ஆண்டுகள். 1953-இல் பூசியதில் நூற்றுக்குச் சுமார் 97 பங்கு இன்றும் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆல்ஃபா துகள்கள் வெளிவாரா. கடிகாரத்தைத் திறந்து சுரண்டினால் ஆபத்து. உதிரும் தூள் மூச்சுடன் உள்ளே போய்விடும். அழகுக்காக வாங்குபவர் இதை அறியாமல் திருகாணியைத் தொடக்கூடாது.

1960-களில் ரேடியத்தின் இடத்துக்கு டிரிடியம் வந்தது. அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகளே. 1965-இல் பூசிய டிரிடியத்தில் இன்று எத்தனை பங்கு எஞ்சியிருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.