நிறுத்திய லாரியும் நியாயமான விதியும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே சர்க்காருடைய அதிகாரத்தின் எல்லை எது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஓடுகிற வண்டியின் வேகத்துக்கு வரம்பு கட்டுவது சரிதான். ஆனால் ஓரமாக நிறுத்திவிட்ட லாரியின் என்ஜினை ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது என்று கலிபோர்னியாவில் விதி செய்திருக்கிறார்களே, அது ஒருவனுடைய சொந்தக் காரியத்தில் அநாவசியமாகத் தலையிடுவது ஆகாதா என்று கேட்டிருக்கிறாய். ஆகாது என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடலாம். அதனால் உனக்குப் பிரயோஜனம் இராது. நின்ற வண்டியின் என்ஜினைப் பற்றி அங்கே செய்த விதிகள் யார் யார்மீது சுமத்தப்பட்டன என்பதைப் பார்த்தால், இனி நீ படிக்கப்போகும் வேறு பல சட்டங்களையும் எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கும்.

டீசல் புகையிலுள்ள நுண்துகள்களை நச்சுப் பொருள் என்று அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியம் 1998ஆம் ஆண்டிலேயே தீர்மானித்தது; உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமோ, 2012இல், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயமற நிலைநாட்டப்பட்டவற்றின் வரிசையில் டீசல் புகையைச் சேர்த்தது. ஓடும் லாரி இந்தப் புகையைச் சாலை நெடுகச் சிதறிக்கொண்டு போகிறதென்றால், நிற்கும் லாரி அவ்வளவையும் ஒரே வீட்டுச் சன்னலோரத்தில் கொட்டுகிறது. மேலும், இழுக்கப் பளுவில்லாமல் வெறுமனே ஓடும் என்ஜினில் சூடு குறைவாதலால், நைட்ரஜன் ஆக்ஸைடுகளை மாற்றிச் சுத்தம் செய்வதற்கென்று இக்காலத்து லாரிகளில் பொருத்தியுள்ள சாதனமும் தனக்கு வேண்டிய வெப்பம் கிடைக்காமல் அரைகுறையாகவே வேலை செய்கிறது. மணிக்குச் சுமார் 3 லிட்டர் டீசல் எரிந்தும் வண்டி ஓரடி நகர்ந்தபாடில்லை. என்ஜின் அவனுடையது, டீசலும் அவன் காசு. புகை மட்டும் அயலாருடைய சுவாசத்தில் கலக்கிறபோது, அதைச் சொந்தக் காரியம் என்று சொல்ல வழியில்லை.

ஆகவே தலையிடுவதற்கு நியாயம் உண்டு. யாரிடத்தில் தலையிடுவது என்பதுதான் கடினமான கேள்வி. சட்டம் செய்வோர் இந்த இரண்டாவது கேள்வியை மறந்துவிடும்போதுதான், நல்ல நோக்கத்தோடு பிறந்த விதியும் ஏழையின் தலையில் வந்து விடிகிறது.

முதலில், 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பள்ளிப் பேருந்து விதியை எடுத்துக்கொள். பள்ளியை அடைந்தவுடன் டிரைவர் என்ஜினை அணைத்துவிட வேண்டும். புறப்படுவதற்கு 30 விநாடிக்கு முன்னதாக மறுபடி ஓடவிடலாகாது. பேருந்தின் பின்புறத்தில் வரிசையாக நிற்பவர்கள் குழந்தைகள். சாவி இருப்பது டிரைவரின் கையில். அதைத் திருப்புவதற்குச் செலவும் இல்லை. எனவே டிரைவருக்கே கட்டளையிட்டது பொருத்தமாயிற்று.

அதே 2003இல் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச், ஓக்லண்டு துறைமுகங்களுக்காக நடைமுறைக்கு வந்த சட்டம் வேறொரு வழியில் சென்றது. சரக்குப் பெட்டியை ஏற்றிச் செல்ல வரும் லாரிகள் அங்கே வாயிலுக்கு வெளியே நெடுநேரம் காத்துக்கிடந்தன. வரிசை அங்குலம் அங்குலமாக நகரும்போது டிரைவர் என்ஜினை அணைப்பதெப்படி? வரிசையை உண்டாக்கியவர்கள் துறைமுகத்துச் சரக்கு முனையங்களின் நிர்வாகத்தினர்; அதைக் குறைக்கக் கூடியவர்களும் அவர்களே. ஆதலால், ஒரு லாரியை 30 நிமிஷத்துக்கு மேல் காக்கவைத்தால் 250 டாலர் அபராதம் என்று விதித்த அந்தச் சட்டம், அபராதத்தை டிரைவர்மீது போடாமல் முனையத்தின்மீது போட்டது. ஆயினும், முன்பதிவு முறை ஏற்படுத்திய முனையங்களுக்கு விலக்கு உண்டு என்றொரு கதவையும் அது திறந்து வைத்ததால், பல முனையங்கள் பெயருக்கு அம்முறையை ஏற்படுத்திவிட்டு அக்கதவு வழியே நழுவின; முன்பதிவினால் வரிசை குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும், பிடியைத் தளர்த்தியதால் வந்த விளைவு அது.

நீ கேட்ட ஐந்து நிமிஷ விதி, 2005 பிப்ரவரியில் அமலாயிற்று. மொத்த எடைத் தகுதி 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4,500 கிலோவுக்கு, மேற்பட்ட டீசல் வர்த்தக வண்டிகளுக்கு அது பொருந்தும். மீறினால் குறைந்தது 300 டாலர் அபராதம். போக்குவரத்து நெரிசலில் சிக்கிய வண்டிக்கும், என்ஜின் விசையால் பளுதூக்கியை இயக்கும் வண்டிக்கும் விலக்களித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் சிக்கலானது, கேபினிலேயே படுக்கை உள்ள நெடுந்தூர லாரி. பதினொரு மணி நேரம் ஓட்டியவன் தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது அமெரிக்க மத்திய சர்க்காரின் விதி. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் கோடை வெயில் கொளுத்தும்போதும், சியரா மலைப்பாதையில் பனி கொட்டும்போதும், தூங்கு என்று ஒரு சர்க்காரும், என்ஜினை அணை என்று மற்றொரு சர்க்காரும் உத்தரவிட்டால், குளிர்சாதனத்துக்கும் கணப்புக்கும் அந்த என்ஜினையே நம்பியிருப்பவன் என்ன செய்வான்? இதை உணர்ந்தே வாரியம் இத்தகைய லாரிகளுக்குத் தொடக்கத்தில் சலுகை அளித்து, 2008 ஜனவரியில்தான் அவற்றையும் விதிக்குள் கொண்டுவந்தது. அதே சமயத்தில் என்ஜின் உற்பத்தியாளர்களுக்கும் ஆணை பிறந்தது: 2008ஆம் ஆண்டு மாடலிலிருந்து வரும் கனரக என்ஜின்கள் ஐந்து நிமிஷத்தில் தாமாகவே அணைய வேண்டும், அல்லது, வெறுமனே ஓடும்போது மணிக்கு 30 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்ஸைடு வெளியிடாதவையாக இருக்க வேண்டும். கேபினுக்கு மட்டும் மின்சாரமும் குளிர்ச்சியும் தரும் சிறு துணை என்ஜின் ஓர் உபாயமாயிற்று. அதனால் கூடும் பாரத்தை ஈடுகட்ட, லாரிகளின் எடை வரம்பில் 400 பவுண்டு வரை தளர்த்த 2005இல் மத்தியச் சட்டம் இடமளித்தது. 2012இல் அது 550 பவுண்டாக உயர்ந்தது.

இங்கும் குறை இல்லாமலில்லை. துணை என்ஜின் பல ஆயிரம் டாலர் விலையுள்ளது. பெரிய கம்பெனிக்கு அது கணக்கில் ஒரு வரி, பழைய லாரி ஒன்றையே ஜீவனோபாயமாகக் கொண்டவனுக்கோ பெருங்கடன். மிச்சமாகும் டீசல் நாளடைவில் அதை ஈடுசெய்யும் என்பது மெய்தான். அந்த நாள் வரைக்கும் அவன் வட்டி கட்ட வேண்டுமே! உற்பத்தியாளருக்கு இட்ட ஆணை புதிய வண்டியோடு வந்து சேர்ந்தது. பழைய வண்டிக்காரனை அபராதம்தான் முதலில் சென்றடைந்தது.

ஆகையால், தம்பி, சர்க்கார் தலையிடலாமா என்று கேட்டதோடு நின்றுவிடாதே. பரிகாரம் எவன் கையில் இருக்கிறதோ அவனிடம்தான் இந்தக் கட்டளை போய்ச் சேர்கிறதா என்றும் ஒவ்வொரு விதியையும் கேள். சாவி டிரைவரிடம், வாயில் முனையத்தாரிடம், என்ஜினின் அமைப்பு உற்பத்தியாளரிடம் என்று பகுத்தறிந்து, தன் கையில் பரிகாரம் இல்லாதவனுக்கு அவகாசமோ உதவியோ தரும் விதி, தலையீடாக இருந்தாலும் நியாயமானதே. அவ்வாறு பகுத்தறியாத விதி, எவ்வளவு நல்ல காரணத்துக்காகப் பிறந்திருப்பினும், எதிர்த்து வாதாடத் தக்கது. அந்த வாதத்தை ஒருநாள் நீ கோர்ட்டில் நின்று நடத்துவாய் என்று நம்புகிறேன்.

உன் அன்புள்ள
அண்ணன்