வெளிநாட்டில் மயக்க மருந்து: முதல் 12 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

2018 ஜூன் மாதம் தாய்லாந்தின் கோ தாவோ தீவில் தனக்கு மயக்க மருந்து கொடுத்து பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று 19 வயது பிரிட்டன் பெண் ஒருவர் சொன்னார். பக்கத்துத் தீவான கோ ஃபங்கன் போலீசார் திருட்டுப் புகாரை மட்டும் எழுதிக்கொண்டார்கள், வன்கொடுமையை எழுதவில்லை என்பது அவர் தரப்பு. அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்றது தாய்லாந்து போலீஸ். அந்த இரவு கடல் ஏறியிருந்தது, அவர் குறிப்பிடும் இடம் தண்ணீருக்குள் இருந்திருக்கும் என்றுகூட வாதாடியது. செய்தியை ஃபேஸ்புக்கில் பகிர்ந்ததற்காக 12 பேரைக் கைது செய்தது. பொய்யா, மெய்யா என்று இரு நாட்டு மக்களும் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள்.

இந்த மாதிரி விவாதங்கள் ஓயாமல் நீள்வதற்கு, என் கணிப்பில், பெரும்பாலும் ஒரே காரணம்தான். மருந்தின் தடயம் உடலில் இருந்த நேரத்தில் யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. தாய்லாந்து, மலேசியா, துபாய் என்று நம் ஊரிலிருந்தும் கும்பல் கும்பலாகக் கிளம்புகிறார்கள். விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் இதற்கும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

கிளம்புமுன்

போகும் நாட்டின் அவசர எண்களையும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் 24 மணி நேர எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி பாஸ்போர்ட் நகலோடு வையுங்கள். இத்தகைய சம்பவங்களில் முதலில் காணாமல் போவது போன்தான். தாய்லாந்தில் சுற்றுலா போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669. மலேசியா, சிங்கப்பூர், துபாய் மூன்றிலும் போலீசுக்கு 999. இலங்கையில் சுற்றுலா உதவிக்கு 1912, ஆம்புலன்சுக்கு 1990. ஐரோப்பாவில் எல்லாவற்றுக்கும் 112.

கிளாஸைப் பற்றிக் கொஞ்சம்

உங்கள் கண்முன் ஊற்றாததைக் குடிக்காதீர்கள், வைத்துவிட்டுப் போன கிளாஸைத் திரும்ப எடுக்காதீர்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாய்லாந்துக் கடற்கரைகளில் குட்டி பிளாஸ்டிக் வாளியில் மதுவையும் குளிர்பானத்தையும் கலந்து நாலைந்து ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். கைக்குக் கை மாறும் அந்த வாளியில் யார் என்ன கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியாது.

நிறத்தை வைத்தோ ருசியை வைத்தோ கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். ஜி.எச்.பி. என்ற மருந்துக்கு நிறம் கிடையாது. லேசான உப்புச் சுவை உண்டு, இனிப்புப் பானத்தில் அதுவும் அமுங்கிவிடும். ரொஹிப்னால் என்ற மயக்க மாத்திரையில், கரைந்தால் நீலமாகும் சாயத்தை அதன் தயாரிப்பாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் சேர்த்தார்கள். ஆனால் அதே மருந்தின் மற்ற தயாரிப்புகளில் அந்தச் சாயம் இருக்க வேண்டும் என்பதில்லை. இருட்டான பாரில், கோலா நிறத்துக்குள் நீலம் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஆண்களும் இதைப் படிக்க வேண்டும். கொலம்பியாவில் டேட்டிங் செயலி வழியாகச் சந்திக்க வரச்சொல்லி, ஸ்கோபொலமைன் போன்ற மருந்தைக் கொடுத்துக் கொள்ளையடிப்பது பற்றி அங்குள்ள அமெரிக்கத் தூதரகம் 2024 ஜனவரியில் எச்சரித்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் மெடலின் நகரில் 8 அமெரிக்கர்கள் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்திருந்தார்கள்.

கூட வந்தவர் தள்ளாடினால்

குடித்த அளவுக்குப் பொருந்தாத போதை, திடீர்க் குழறல், நிற்க முடியாத கால்கள். கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இப்படி ஆனால் சந்தேகப்படுங்கள். தனியாக டாக்சியில் ஏற்றி விடாதீர்கள். "நான் ரூம்ல கொண்டுபோய் விட்டுடறேன்" என்று முன்வரும் புது நண்பரிடம் ஒப்படைக்கவே கூடாது. மூச்சு மந்தமானாலோ, தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டாலோ ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய் அடைக்கும்.

விழித்ததும் முதல் சிறுநீர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஜி.எச்.பி. ரத்தத்தில் சுமார் 8 மணி நேரத்துக்குள்ளும் சிறுநீரில் சுமார் 12 மணி நேரத்துக்குள்ளும் மறைந்துவிடும். இரவு பத்து மணிக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் காலை பத்து மணிக்கு ஆதாரம் கழிவறையில் போய்விட்டது என்று பொருள். ரொஹிப்னால் வகை மருந்துகள் சிறுநீரில் சில நாட்கள் தங்கும்.

ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை அடக்க முடிந்தால் அடக்குங்கள். முடியாவிட்டால் சுத்தமான பாட்டிலில் பிடித்து, இறுக மூடி, தேதியும் நேரமும் எழுதி, ஓட்டல் அறை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் போதைப் பரிசோதனை என்று மொட்டையாகக் கேட்டால் போதாது. வழக்கமான சோதனைகளில் ஜி.எச்.பி. சிக்காது. மயக்க மருந்து கொடுத்த சந்தேகம் என்று சொல்லி, தடயவியல் ஆய்வுக்கு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். தாமதமாகிவிட்டால் தலைமுடி ஆய்வு என்று ஒரு வழி உண்டு. சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் அதற்கு முடி வெட்டுவார்கள்.

சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பாதிக்கப்பட்டவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. மருந்து வெளியேறியிருக்கலாம். வெறும் மதுவே அந்த வேலையைச் செய்திருக்கலாம். சுயநினைவில்லாதவரைத் தொடுவது அப்போதும் குற்றம்தான்.

குளிக்காமல், பல் துலக்காமல் போவது நல்லது. உடுத்தியிருந்த துணிகளைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி தடயம் கெடும். குளித்துவிட்டோமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையையும் அதற்குள் எடுப்பது நல்லது. சில வகைகள் 120 மணி நேரம் வரை பயன்படும். மலேசிய அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, சான்று, போலீஸ் புகார் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மையங்கள் உண்டு.

போலீஸ் நிலையத்தில்

2019 ஜூலையில் சைப்ரஸின் ஆயியா நாப்பாவில், இஸ்ரேலிய இளைஞர்கள் கூட்டாகத் தன்னை வன்கொடுமை செய்ததாக ஒரு பிரிட்டன் பெண் புகார் கொடுத்தார். பத்து நாள் கழித்து, வக்கீல் இல்லாமல் பல மணி நேரம் விசாரித்த பிறகு, புகார் பொய் என்று அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வாக்குமூலத்தின் ஆங்கிலம், அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதும் ஆங்கிலமே அல்ல என்று மொழியியல் நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். இருந்தும் அந்தப் பெண்ணுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2022 ஜனவரியில் சைப்ரஸ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புகாரை முறையாக விசாரிக்கவில்லை என்று 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சைப்ரஸைக் கண்டித்தது. ஒரு கையெழுத்தை அழிக்க இரண்டரை ஆண்டு!

எனவே, புரியாத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புகாரின் நகலையும் எண்ணையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள்; இடைவெளியை ஊகத்தால் நிரப்பினால் பிற்பாடு அதையே பிடித்துக்கொள்வார்கள். தூதரகம் துப்புத் துலக்காது, வழக்கு நடத்தாது. வக்கீல்கள், மொழிபெயர்ப்பாளர்கள் பட்டியல் தரும், வீட்டுக்குத் தகவல் சொல்லும், பாஸ்போர்ட் போயிருந்தால் அவசரப் பயண ஆவணம் கொடுக்கும்.

வளைகுடா நாடுகளில் மட்டும், யாரை முதலில் அழைப்பது என்ற வரிசை மாறும். 2013-ல் துபாயில் வன்கொடுமைப் புகார் கொடுத்த நார்வே பெண்ணுக்கே, திருமணத்துக்கு வெளியே உறவு வைத்ததாகவும் மது அருந்தியதாகவும் 16 மாதச் சிறை விதித்தார்கள். உலகம் கொந்தளித்த பிறகு மன்னிப்பு வழங்கினார்கள். சட்டம் பின்னர் தளர்ந்திருந்தாலும், உயிருக்கு ஆபத்தில்லை என்றால் அங்கே முதல் அழைப்பு தூதரகத்துக்கு, இரண்டாவது வக்கீலுக்கு, அதன் பிறகே போலீஸ்.

பதிவு போடும் முன்

கோபத்தில் நேரலை போகத் தோன்றும். மாதிரியும் புகாரும் கொடுத்து, நாட்டை விட்டு வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கோ தாவோ விவகாரத்தில் கைதானவர்களைப் பாருங்கள், பகிர்ந்ததே குற்றமானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியாவிலும் பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு அனுதாபம் தெரிவிப்பவர்கள் கவனிக்கவும்.

ஊர் திரும்பிய பிறகு

குற்றம் செய்தவர் இந்தியர் என்றால், உதாரணமாக அதே டூர் குழுவில் வந்தவர் என்றால், இங்கேயும் புகார் கொடுக்கலாம். ஆனால் நீதிமன்ற விசாரணைக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அந்த நாட்டு வழக்குதான். அதைத் தொடர வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் முறையிடலாம். ஆலோசனைக்கு 181 மகளிர் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. நடுராத்திரியில் மகளோ மகனோ அழுதுகொண்டே போன் செய்தால், "அங்கே ஏன் போனே?" என்று ஆரம்பிக்காதீர்கள். கூட யார் இருக்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரி பக்கம், சிறுநீரைப் பிடித்து வைத்தாயா என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் தூதரகத்தைக் கூப்பிடுங்கள்.